குளிர் வாயு ஓடைகள் இளம் கேலக்ஸியின் வட்டு வரை சேருகின்றனவா?

#1 வலைநெசவு

ஒரு எளிய கணக்கில் தொடங்குகிறேன். செம்பெயர்ச்சி 2 காலத்துப் (செம்பெயர்ச்சி z கூடக்கூட அவ்வளவு முந்தைய காலம்) பெரிய கேலக்ஸி ஒன்றில் சுமார் 5×10¹⁰ சூரிய நிறை வாயு கையிருப்பு இருக்கிறது, ஆண்டுக்கு 100 சூரிய நிறை விண்மீன்களாக மாறுகிறது என்று வையுங்கள். 50 கோடி ஆண்டில் கையிருப்பு காலி. அப்போது பிரபஞ்சத்தின் வயது 330 கோடி ஆண்டு. ஆனால் அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் இப்படி எரிந்துகொண்டிருக்கும் கேலக்ஸிகள்தான். அத்தனையும் தற்செயலாக ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள வாய்ப்பில்லை. ஆகவே வெளியிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

எங்கிருந்து என்பதில் தகராறு இல்லை: அண்ட வலையின் (கேலக்ஸிகளை இணைக்கும் கரும்பொருள், வாயு வலை) இழைகளிலிருந்து. எப்படி என்பதில்தான் தகராறு. 2009-இல் டெக்கெலும் குழுவினரும் நேச்சர் இதழில் வரைந்த படம் எல்லோருக்கும் தெரியும்: சூடான ஹாலோவைக் (கேலக்ஸியைச் சூழ்ந்த கரும்பொருளும் வாயுவும் சேர்ந்த பெருங்கூடு) கிழித்துக்கொண்டு 10⁴ கெல்வின் அளவிலான குளிர் ஓடைகள் நேராக வட்டுக்குள் பாய்கின்றன. அந்தப் படம் இன்னும் அப்படியே நிற்கிறதா? கணிப்பு, சிமுலேஷன், தொலைநோக்கித் தரவு மூன்றையும் தெரிந்தவர்கள் எண்களோடு எழுதினால் நல்லது.

(விவாத இழையும் இழை, வாயு இழையும் இழை. கீழே இழை என்றால் வாயுதான்.)

#2 இழையோட்டம்

அடித்தளத்தை முதலில் போட்டுவிடுகிறேன்.

ஹாலோவுக்குள் விழும் வாயுவுக்கு இரண்டு கடிகாரங்கள். ஒன்று, மையத்தை நோக்கி விழ ஆகும் நேரம். மற்றது, கதிர்வீசிக் குளிர ஆகும் நேரம். 1977-இல் ரீஸும் ஆஸ்ட்ரைக்கரும், தனியாக சில்க்கும், தனியாக பின்னியும் இந்த ஒப்பீட்டை முன்வைத்தார்கள். விழுவதற்குள் குளிர்ந்துவிட்டால் அந்த வாயு விண்மீன்களாகும். குளிராவிட்டால் சூடான வளிமண்டலமாக ஹாலோவில் தங்கிவிடும்.

எண்களைப் போடுவோம். செம்பெயர்ச்சி 2-இல் 10¹² சூரிய நிறை ஹாலோ:

விரியல் ஆரம் (ஹாலோவின் எல்லை) சுமார் 100 கிலோபார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). விரியல் வேகம் (அந்த எல்லையில் சுற்றிவரும் வேகம்) நொடிக்குச் சுமார் 200 கி.மீ. ஒன்றை மற்றதால் வகுத்தால் விழும் நேரம் 50 கோடி ஆண்டு. விரியல் வெப்பநிலை (அந்த வேகத்துக்கு ஈடான வெப்பநிலை) 1.5×10⁶ கெல்வின் அளவு; கணக்கு எளிதாக 2×10⁶ என்று வைப்போம்.

விழும் வாயு மோதி எழும் அதிர்ச்சி அலை இந்த வெப்பநிலைக்குச் சூடாக்கிய வாயுவில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10⁻³ ஹைட்ரஜன் அணு, சூரியனில் பத்தில் ஒரு பங்கு உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எல்லாம்) என்றால் குளிரூட்டல் கெழு 10⁻²³ அளவில் (சி.ஜி.எஸ். அலகு) வரும். குளிரும் நேரம் 200 கோடி ஆண்டைத் தாண்டுகிறது. அதாவது விழும் நேரத்தைப்போல் நான்கைந்து மடங்கு. இந்த வாயு உடனடியாக உதவாது.

இப்போது அதே அழுத்தத்தில் நிற்கும் ஓடை. நூறு மடங்கு குளிர்ச்சி, ஆகவே நூறு மடங்கு அடர்த்தி: 2×10⁴ கெல்வின், கன சென்டிமீட்டருக்கு 0.1 அணு. குளிரும் நேரம் சில பத்தாயிரம் ஆண்டுகள்தான். இதைச் சூடாக்கினாலும் உடனே கதிர்வீசிப் பழைய நிலைக்கு வந்துவிடும். புறஊதாப் பின்னணி ஒளியின் சூடேற்றலும் கதிர்வீச்சுக் குளிரூட்டலும் சமன்படும் 10⁴ கெல்வின் அருகில் உட்கார்ந்துகொள்ளும்.

பிர்ன்பாய்மும் டெக்கெலும் 2003-இல் காட்டியது இதன் அடுத்த படி. அதிர்ச்சி அலைக்குப் பின்னால் இருக்கும் வாயு வேகமாகக் குளிர்ந்தால், அலையை வெளியே தள்ளிப் பிடிக்க அழுத்தம் போதாது. அலையே நிலைக்காமல் உள்ளே சரிந்துவிடும். ஹாலோ நிறை ஏறக்குறைய 10¹² சூரிய நிறையைத் தொட்டால்தான் நிலையான அலை உருவாகும். உலோகம் குறைவாக இருந்தால் இந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும். ஆக இளம், சிறு கேலக்ஸிகளுக்கு அதிர்ச்சி அலை என்ற தடையே இல்லை. பெரிய ஹாலோக்களில்தான் பிரச்சினை.

#3 சாம்பல்நிலவு

எளிமையாக ஒரு கேள்வி. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சீராக விழாமல் இழை வழியாக மட்டும் ஏன் வருகிறது?

#4 இழையோட்டம்

ஆதியில் இருந்த அடர்த்தி வேறுபாடுகள் கோளச் சீரானவை அல்ல. மூன்று அச்சுகளிலும் ஈர்ப்பு வெவ்வேறு அளவில் இழுக்கிறது. முதலில் ஒரு அச்சில் சரிந்தால் தகடு. இரண்டாவது அச்சும் சரிந்தால் இழை. மூன்றாவதும் சரிந்தால் முடிச்சு. 1970-இல் ஸெல்டோவிச் இதை எழுதினார். கரும்பொருள் இந்த எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. மொத்தப் பொருளில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் சாதாரண அணுப்பொருள் அதன் பள்ளங்களில் வழிந்து ஓடுகிறது. 'அண்ட வலை' என்ற பெயரை 1996-இல் பாண்ட், கோஃப்மன், பொகோஸ்யன் மூவரும் நிலைக்க வைத்தார்கள்.

இழையும் எல்லா ஹாலோவுக்கும் ஒரே மாதிரி அமையாது. தன் இழையைவிட மெலிந்த ஹாலோ இழைக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். அதற்கு வாயு ஏறத்தாழ எல்லாத் திசையிலிருந்தும் வரும். முடிச்சில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஹாலோவுக்கு இழைகள் அதைவிட ஒல்லி. மூன்று நான்கு ஓடைகளாகத்தான் வரும். ஏரிக்கு வரத்துக் கால்வாய் போல.

#5 செல்அளவு

ஏரி உவமையில் ஒரு எச்சரிக்கை. கால்வாயில் வந்த தண்ணீர் முழுக்க ஏரிக்குச் சேரும் என்று நினைக்கத் தோன்றும். இங்கே அதுதான் கேள்வியே.

டெக்கெல் குழுவின் வரத்துச் சமன்பாட்டை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள்: ஆண்டு வரத்து = 6.6 × M₁₂^1.15 × (1+z)^2.25 சூரிய நிறை. M₁₂ என்பது 10¹² அலகில் ஹாலோ நிறை. செம்பெயர்ச்சி 2, M₁₂=1 என்றால் 78 வருகிறது. இன்றைக்கு அதே நிறை ஹாலோவுக்கு 6.6 மட்டும். ஆனால் இது விரியல் ஆரத்தைக் கடக்கும் அணுப்பொருளின் மொத்தம். வட்டுக்குச் சேர்வது அல்ல. இடையில் 100 கிலோபார்செக் இருக்கிறது. அந்த 78-இல் எத்தனை குளிராக மையம் வரை வருகிறது என்பதைச் சமன்பாடு சொல்லாது.

அதைச் சிமுலேஷன் சொல்லும் என்றால், எந்தச் சிமுலேஷன் என்று கேட்க வேண்டும். 2005-இல் கெரெஷ் குழு துகள் முறையில் (எஸ்.பி.எச்.: வாயுவைத் துகள்களாகப் பிரித்துக் கணிப்பது) 2.5×10⁵ கெல்வினை எல்லைக்கோடாக வைத்து 'குளிர் முறை', 'வெப்ப முறை' என்று பிரித்தது. குளிர் முறைதான் ஆதிக்கம் என்று வந்தது. 2013-இல் நெல்சன் குழு அதே தொடக்க நிலைகளை எடுத்து, ஒன்றை கேட்ஜெட் என்ற நிரலின் துகள் முறையிலும் மற்றதை அரெப்போ என்ற நிரலின் நகரும் கட்ட முறையிலும் ஓட்டியது. செம்பெயர்ச்சி 2-இல் பெரிய ஹாலோக்களில் குளிர் வரத்தின் பங்கு அரெப்போவில் கடுமையாகச் சரிந்தது. இயற்பியல் அதேதான். தீர்க்கும் முறை மட்டும் வேறு.

காரணம் தெரிந்ததே. பழைய எஸ்.பி.எச். முறையில் அடர்த்தி திடீரென மாறும் எல்லையில் செயற்கையான மேற்பரப்பு இழுவிசை உண்டாகும். குளிர் வாயுவும் சூடான வாயுவும் கலக்க வேண்டிய இடத்தில் கலக்காது. அதனால் ஓடைகள் உடைந்த பிறகும் குளிர் உருண்டைகளாக உருண்டு மையம் வரை போகும். அந்த உருண்டைகளில் பெரும்பகுதி கணக்கீட்டுப் பிழை. வானத்தில் கிடையாது.

#6 வலைநெசவு

> பழைய எஸ்.பி.எச். முறையில் ... செயற்கையான மேற்பரப்பு இழுவிசை

இது சரி. ஆனால் அரெப்போ முடிவையும் அப்படியே வேதவாக்காக எடுக்கக்கூடாது. அந்த ஒப்பீட்டு ஓட்டங்களில் வலுவான வெளியேற்றக் காற்று (கேலக்ஸி வெளியே ஊதும் வாயு) இல்லை, உலோகக் குளிரூட்டலும் இல்லை. முக்கியமாக, ஓடையின் தடிமனுக்குள் எத்தனை செல் (சிமுலேஷன் வாயுவைப் பிரிக்கும் கட்டம்) விழுகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

#7 செல்அளவு

அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன். கணக்கைப் பார்ப்போம்.

டிஎன்ஜி50 என்ற சிமுலேஷனில் ஒரு வாயு செல்லின் நிறை 8.5×10⁴ சூரிய நிறை. நிறை ஏறத்தாழ மாறாது, ஆகவே அடர்த்தி குறைந்தால் செல் பெருக்கும். கன சென்டிமீட்டருக்கு 10⁻³ அணு இருக்கும் சூடான ஹாலோவில் ஒரு செல்லின் பக்கம் 1.4 கிலோபார்செக். டிஎன்ஜி100-இல் (செல் நிறை 1.4×10⁶) அதே இடத்தில் 3.5 கிலோபார்செக். ஓடைக்குள் 0.1 அணு அடர்த்தியில் டிஎன்ஜி50-இன் செல் 300 பார்செக் ஆகச் சுருங்கும். பரவாயில்லை போலத் தோன்றும்.

ஆனால் குளிரும் வாயு எந்த நீளத்துக்குத் துண்டாகும் என்பதற்கு ஒரு அளவு உண்டு: ஒலி வேகத்தைக் குளிரும் நேரத்தால் பெருக்கினால் வருவது. மெக்கோர்ட் குழு 2018-இல் கொடுத்த கைக்கணக்கு: 0.1 பார்செக்கை அடர்த்தியால் வகுக்கவும். 0.1 அணு என்றால் 1 பார்செக். நமது செல்லோ 300. நூறு மடங்குகளில் பின்தங்கியிருக்கிறோம்.

2019-இல் பல குழுக்கள் ஹாலோ வாயுவை மட்டும் தனியாக நுணுக்கி ஓட்டிப் பார்த்தன. வான் டி வூர்ட் குழு விரியல் ஆரம் முழுக்க 1 கிலோபார்செக் சீரான நுணுக்கம் வைத்தது. நடுநிலை ஹைட்ரஜன் அளவு கூடியது. கேலக்ஸியின் விண்மீன் நிறை பெரிதாக அசையவில்லை. அதாவது கேலக்ஸி சரியாக வந்துவிட்டது என்பதால் ஓடையும் சரியாக வந்திருக்கும் என்று நம்பக்கூடாது.

#8 இழையோட்டம்

செல் போதவில்லை என்றால் தனி ஓடையை மட்டும் எடுத்துத் தீர்ப்பதுதான் வழி. மண்டெல்கர் குழு அதைச் செய்தது. சூடான வாயுவுக்குள் ஒரு குளிர் உருளையை ஓடவிட்டு, ஓரத்தில் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மை (வெவ்வேறு வேகத்தில் உரசும் இரு வாயுக்களின் எல்லை சுருண்டு கலப்பது) எப்படி வளர்கிறது என்று பார்த்தார்கள். கதிர்வீச்சை விட்டுவிட்டால் ஒல்லி ஓடைகள் வழியிலேயே சிதைந்துவிடும். கதிர்வீச்சைச் சேர்த்தால் கதை தலைகீழ்.

ஓரத்தில் கலவைப் படலம் உருவாகும். அதன் வெப்பநிலை இரண்டின் பெருக்கல் சராசரி: 2×10⁴-க்கும் 2×10⁶-க்கும் இடையே 2×10⁵ கெல்வின். வாயு ஏறக்குறைய மிக வேகமாகக் குளிரும் வட்டாரம் அது. அடர்த்தியும் அதே போல 10⁻² அணு. அங்கே குளிரும் நேரம் 50 லட்சம் ஆண்டு அளவு. ஓடையின் ஆரம் 3 கிலோபார்செக், வேகம் 200 கி.மீ., கலவை பரவும் வேகம் ஓடை வேகத்தில் பத்தில் ஒன்று என்றால் ஓடை சிதைய 15 கோடி ஆண்டு ஆகும். குளிரும் நேரம் அதைவிட மிகக் குறைவு. எனவே கலந்த வாயு சூடாகிப் போவதற்குப் பதில் குளிர்ந்து ஓடையோடு ஒட்டிக்கொள்கிறது. ஓடை தேயாமல், போகப் போகப் பெருக்கவும் செய்யலாம்.

ஒல்லி ஓடைக்கு இது பொருந்தாது. ஆரம் 100 பார்செக் என்றால் இரண்டு நேரங்களும் ஒன்றாகிவிடும். கத்தி முனையில் நிற்கும் நிலை. ஆகவே 'ஓடை சேருமா' என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பருத்த ஓடை சேரும், மெலிந்தது கரையும்.

#9 ஆல்ஃபா1216

கணினியிலேயே இருந்தால் போதுமா? வானத்தையும் பார்க்க வேண்டாமா?

இழை வாயுவைப் பார்க்க நம்மிடம் இருக்கும் ஒரே பெரிய விளக்கு ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா உமிழ்கோடு, 121.6 நானோமீட்டர். செம்பெயர்ச்சி 2.28-இல் அது 399 நானோமீட்டருக்கு வந்துவிடும்; தரையிலிருந்தே பார்க்கலாம். 2014-இல் கன்டலுப்போ குழு யூஎம்287 என்ற குவேசாருக்காகவே (பெருங்கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையம்) ஒரு குறுகிய பட்டை வடிகட்டி செய்து கெக் தொலைநோக்கியில் மாட்டியது. 460 கிலோபார்செக் நீளத்துக்கு ஒளிரும் வாயு தெரிந்தது. 'நத்தை நெபுலா' என்று அதற்குப் பெயர்.

அது குவேசாரின் ஒளி பட்டுத் தெரிந்தது என்பதை மறக்கக்கூடாது. குவேசார் இல்லாத இடத்தில் பொதுப் புறஊதாப் பின்னணி மட்டும் இருந்தால் செம்பெயர்ச்சி 3-இல் மேற்பரப்பு ஒளிர்வு சதுர ஆர்க்நொடிக்கு 10⁻²⁰ எர்க் (நொடிக்கு, சதுர சென்டிமீட்டருக்கு) அளவில்தான் வரும். ஒளிர்வு (1+z)-இன் நான்காம் அடுக்கில் மங்குகிறது. செம்பெயர்ச்சி 3-இல் 256 பங்கில் ஒன்று. அதனால்தான் பேக்கன் குழு மியூஸ் கருவியை (வயலின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலை எடுப்பது) ஒரே வயலில் 140 மணி நேரம் திருப்பி வைத்து, 2021-இல் செம்பெயர்ச்சி 3.1 முதல் 4.5 வரை குவேசார் துணையில்லாத இழைகளைக் காட்டியது. அவர்களே சொன்னது: அந்த ஒளியில் பெரும்பங்கு இழையின் சொந்த வாயு அல்ல, அதில் பதிந்திருக்கும் மிக மங்கலான குட்டிக் கேலக்ஸிகளின் ஒளியாக இருக்கக்கூடும்.

இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு: எஸ்எஸ்ஏ22 என்ற ஆதிக் கேலக்ஸிக் கொத்து, செம்பெயர்ச்சி 3.09. உமெஹாட்டா குழு 2019-இல் 10 லட்சம் பார்செக்குக்கு மேல் நீளும் இழைகளையும், அவற்றின் மேல் கோத்தாற்போல் தீவிரமாக விண்மீன் பிறக்கும் கேலக்ஸிகளையும் காட்டியது.

#10 சாம்பல்நிலவு

தெரிகிறது, சரி. ஆனால் அந்த வாயு உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று எப்படிச் சொல்வது?

#11 ஆல்ஃபா1216

அதுதான் குடைச்சல். லைமன்-ஆல்ஃபா ஒத்ததிர்வுக் கோடு. ஒரு ஃபோட்டான் நடுநிலை ஹைட்ரஜனில் ஆயிரக்கணக்கான முறை சிதறி, தன் அலைநீளத்தை மாற்றிக்கொண்டுதான் வெளியே வரும். கோட்டின் அகலத்தைப் பார்த்து வாயுவின் வேகம் என்று எழுதினால் தப்பு. கொள்கையளவில், உள்வரத்து என்றால் நீலப் பக்க முகடு ஓங்கும், வெளியேற்றம் என்றால் சிவப்புப் பக்கம். ஆனால் வழியில் இருக்கும் கேலக்ஸியிடை வாயு நீலப் பக்கத்தையே விழுங்கும். எனவே சிவப்பு ஓங்கியிருப்பது எதையும் நிரூபிக்காது. நீலம் ஓங்கியிருந்தால் மட்டும் கவனிக்க வேண்டிய செய்தி.

சிதறாத கோடுகளை இணைத்துப் பார்ப்பது வழி. நத்தை நெபுலாவில் லைப்லர், கன்டலுப்போ முதலியோர் 2018-இல் ஹெச்-ஆல்ஃபாவை (ஹைட்ரஜனின் சிவப்பு உமிழ்கோடு) பிடித்தார்கள். ஒளி வெறும் சிதறல் அல்ல, அயனியான ஹைட்ரஜன் மறுபடி சேரும்போது வருவது என்று அதிலிருந்து தெரிந்தது.

ஆற்றல் கணக்கும் உதவும். 10¹² ஹாலோவில் ஆண்டுக்கு 80 சூரிய நிறை 200 கி.மீ. வேகத்தில் விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் நொடிக்கு 2×10⁴² எர்க். ஆழம் வரை விழுவதைச் சேர்த்தால் சில மடங்கு கூடும். அதே கேலக்ஸியில் ஆண்டுக்கு 80 சூரிய நிறை விண்மீன்கள் பிறந்தால், தூசி விழுங்குவதற்கு முன் கிடைக்கும் லைமன்-ஆல்ஃபா நொடிக்கு 8×10⁴³ எர்க். ஆகவே சாதாரண கேலக்ஸியைச் சுற்றிய ஒளியை 'விழும் வாயு குளிர்கிறது' என்று சொல்வதற்கு முன் பத்து தடவை யோசிக்க வேண்டும்.

பெரிய ஹாலோவில் தராசு மாறும். 2021-இல் டாடி குழு விவரித்த ஆர்ஓ-1001 என்ற கேலக்ஸிக் கூட்டம்: செம்பெயர்ச்சி 2.91, சுமார் 4×10¹³ சூரிய நிறை, மூன்று இழைகள் ஒரே மையத்தில் குவிகின்றன. மேலே செல்அளவு எழுதிய சமன்பாட்டில் போட்டால் ஆண்டுக்குப் பத்தாயிரம் சூரிய நிறை அளவில் வரத்து. ஈர்ப்பாற்றல் நொடிக்கு 10⁴⁵ எர்க்கைத் தாண்டும். தெரியும் ஒளியோ 10⁴⁴ அளவு. விழும் ஆற்றலில் ஒரு சிறு பங்கு ஒளியானால்கூடப் போதும். உள்வரத்துக்கு இதுவரை கிடைத்தவற்றில் எனக்குத் திருப்தியான வாதம் இதுதான்.

#12 நிறப்பட்டை

தரவைக் கையாளும் இடத்தில் நடக்கும் பிழைகளையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஒளிர்வு மட்டத்தில் இழை கண்டுபிடிப்பது சுலபம். இல்லாத இழையைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம்.

மியூஸில் 24 நிறமாலைமானிகள், ஒவ்வொன்றிலும் 48 துண்டு. மொத்தம் 1152 துண்டுகள். ஒவ்வொரு துண்டின் பிரகாசச் சமன்பாடும் துளி மாறும். இது கியூபில் (வானத்தின் இரு பக்கமும் அலைநீளமும் சேர்ந்த முப்பரிமாணத் தரவு) கட்டம் கட்டமாகத் தெரியும். துண்டு எல்லைகள் அழகான நேர் 'இழை'களாகவும் தோன்றும். அதனால் ஒவ்வொரு எடுப்புக்கும் கருவியை 90 பாகை சுழற்றி, சில ஆர்க்நொடி நகர்த்தி வைப்பது கட்டாயம். நான்கு எடுப்பு எடுத்து நான்கும் ஒரே கோணம் என்றால் அந்தத் தரவை ஆழமான வேலைக்குப் பயன்படுத்த முடியாது.

பிறகு வானப் பின்னணி. வான உமிழ்கோடுகளுக்குப் பக்கத்தில் லைமன்-ஆல்ஃபா விழுந்தால் அந்தச் செம்பெயர்ச்சியை விட்டுவிடுவது நல்லது. முதன்மைக் கூறு முறையில் வானத்தைக் கழிக்கும் கருவிகள் (ஸாப் போன்றவை) நீண்டு பரந்த மங்கல் ஒளியையும் வானம் என்று நினைத்துக் கழித்துவிடக்கூடும். வயலில் பெரிய நெபுலா இருந்தால், மூலத்தை மறைக்கும் முகமூடி போடாமல் அதை ஓட்டக்கூடாது.

குவேசாரின் பரவலைக் கழிக்கும் வழக்கமான முறை: ஒவ்வொரு அலைநீள அடுக்குக்கும் அதைச் சுற்றிய சுமார் 150 அடுக்குகளைச் சேர்த்து ஒரு படம் செய்து, நடு ஒரு சதுர ஆர்க்நொடியில் பிரகாசத்தைப் பொருத்திக் கழிப்பது. நடு ஆர்க்நொடியில் எதுவும் எஞ்சாது என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. அங்கே 'ஓட்டை' தெரிகிறது என்று விளக்கம் எழுதியவர்கள் உண்டு.

கண்டறிதல் கட்டத்தில் மூன்று பொறிகள். மாறுபாட்டுக் கியூப் (இரைச்சல் மதிப்பீட்டுத் தரவு) இரைச்சலைக் குறைத்துக் காட்டும், ஏனெனில் மறுமாதிரியெடுப்பில் பக்கத்து வாக்செல்கள் (கியூபின் முப்பரிமாணப் புள்ளிகள்) ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. வெற்று வானத்தில் அளந்து அதைப் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும். இணைந்த வாக்செல்களைத் தேடும் நிரல் இரைச்சல் மேடுகளையும் கோத்து இழையாக்கும். கியூபின் குறியை எதிராக மாற்றி அதே நிரலை ஓட்டி, எத்தனை 'எதிர் இழை' கிடைக்கிறது என்று பார்க்காமல் முடிவு எழுதக்கூடாது. மூன்றாவது, வெளியீடுகளில் வரும் அழகான படங்களில் ஒவ்வொரு பிக்சலும் வெவ்வேறு எண்ணிக்கை அடுக்குகளின் கூட்டல். படத்தின் இரைச்சல் இடத்துக்கு இடம் வேறு. ஓரத்தில் தெரியும் கூர்மையான விளிம்பு வாயுவின் விளிம்பு அல்ல, வாசல் மதிப்பின் விளிம்பு.

அலைநீளக் குழப்பமும் உண்டு. 486 நானோமீட்டரில் ஒரு கோடு தெரிந்தால் செம்பெயர்ச்சி 3 லைமன்-ஆல்ஃபாவாக இருக்கலாம், செம்பெயர்ச்சி 0.3 ஆக்ஸிஜன் இரட்டையாகவும் இருக்கலாம். இரட்டைக் கோடு பிரிகிறதா, ஆக்ஸிஜனின் மற்ற கோடுகள் சிவப்புப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

#13 செல்அளவு

நிறப்பட்டை எழுதியது போலவே சிமுலேஷன் தரவிலும் வழக்கமான சறுக்கல்கள் இருக்கின்றன. டிஎன்ஜி தரவு எல்லோருக்கும் திறந்திருப்பதால் பலர் வரத்தை அளக்கிறார்கள். செய்முறை சுருக்கமாக:

ஹாலோ மையத்திலிருந்து ஆயங்களைக் கழிக்கும்போது பெட்டி சுற்றிவரும் தன்மையைக் கவனிக்கவும். பெட்டி ஓரத்து ஹாலோவில் பாதி வாயு அந்தப் பக்கம் இருக்கும். ஆயங்கள் விரிவுடன் நகரும் அலகில், அதுவும் h-ஆல் (நூறின் பங்காக ஹபிள் மாறிலி) வகுத்த கிலோபார்செக்கில் வரும். அளவுக்காரணி a-ஆல் (அதாவது 1/(1+z)) பெருக்கி h-ஆல் வகுக்கவும். துகளின் வேகத்தை a-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். துணை ஹாலோவின் வேகத்துக்கு அது வேண்டாம். முழு ஹாலோவின் வேகத்தை a-ஆல் வகுக்க வேண்டும். மூன்றும் மூன்று விதம். இதில் சறுக்காதவர் குறைவு. பிறகு ஆரத்திசை வேகத்தோடு ஹபிள் விரிவைச் சேர்க்கவும். செம்பெயர்ச்சி 2-இல் 100 கிலோபார்செக்குக்கு அது நொடிக்கு 20 கி.மீ. வரும், விடக்கூடியது அல்ல.

வெப்பநிலையை உள் ஆற்றலிலிருந்து கணக்கிடும்போது சராசரி மூலக்கூறு எடைக்கு அந்தச் செல்லின் எலக்ட்ரான் பங்கைப் பயன்படுத்தவும். மிக முக்கியம்: விண்மீன் பிறக்கும் செல்களின் வெப்பநிலை உண்மை வெப்பநிலையே அல்ல. கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.1 அணுவைத் தாண்டியதும் வாயு ஒரு செயற்கை அழுத்தச் சமன்பாட்டில் ஏறிவிடும். அதை 'சூடான வரத்து' என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்மீன் பிறப்பு வீதம் பூஜ்ஜியத்துக்கு மேல் உள்ள செல்களை நீக்கவும், இல்லை 10⁴ கெல்வின் என்று வைக்கவும். இழையோட்டம் எடுத்த 0.1 அணு ஓடை இந்த வாசலிலேயே நிற்கிறது பாருங்கள்.

கடைசியாக, ஒரு கூட்டின் வழியே இந்தக் கணத்தில் பாயும் நிறையும், இரண்டு பதிவுகளுக்கிடையே புதிதாக வந்து சேர்ந்த நிறையும் ஒன்றல்ல. முதலாவதில் வெளியேறித் திரும்பி வந்த வாயு மறுபடி மறுபடி எண்ணப்படும். புதிய வரத்து மட்டும் வேண்டுமென்றால் தடங்காட்டித் துகள்களை (வாயுவோடு நகர்ந்து அதன் பாதையைப் பதிபவை) பின்தொடர்வதே வழி.

#14 வலைநெசவு

திரும்பி வரும் வாயு என்றதும் உலோகம் நினைவுக்கு வருகிறது. புது வாயு என்றால் உலோகம் இருக்கக்கூடாது. 2011-இல் ஃபுமகல்லி, ஓ'மெயரா, புரோச்சாஸ்கா மூவரும் செம்பெயர்ச்சி 3.1, 3.4-இல் இரண்டு வாயு மேகங்களில் ஹைட்ரஜனைத் தவிர வேறு கோடே காணவில்லை; சூரிய அளவில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழ். பெருவெடிப்புக்கு 200 கோடி ஆண்டுக்குப் பிறகும் கைபடாத வாயு. இது ஓடைகளுக்கு நேர்ச் சான்று இல்லையா?

#15 ஆல்ஃபா1216

கைபடாத வாயு இருக்கிறது என்பதற்குச் சான்று. அது ஒரு கேலக்ஸிக்குள் விழுகிறது என்பதற்கு அல்ல. விழுவதைக் காட்ட வேகம் வேண்டும், பக்கத்தில் கேலக்ஸி வேண்டும். அந்த வகையில் 2013-இல் புஷே குழு செய்தது வலு: செம்பெயர்ச்சி 2.3 கேலக்ஸி, அதிலிருந்து 26 கிலோபார்செக் தள்ளிக் கடக்கும் குவேசார் ஒளி, அதில் கேலக்ஸியின் சுழற்சியோடு ஒத்துப்போகும் உலோகம் குறைந்த உட்கவர் கோடு. ஆனால் ஒரே ஒரு பார்வைக்கோடு. ஓடைகள் ஹாலோ வானத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே மறைக்கும் என்று சிமுலேஷன்கள் சொல்கின்றன. குறி தவறுவதுதான் வழக்கம்.

எதிர்ப் பக்கமும் உண்டு. 2023-இல் எமொன்ட்ஸ் குழு ஆல்மா ரேடியோ தொலைநோக்கியில் 4சி 41.17 என்ற ரேடியோ கேலக்ஸிக்குள் (செம்பெயர்ச்சி 3.8) பாயும் ஓடையை அணுக் கார்பன் கோட்டிலேயே கண்டது. கார்பன் இருக்கிறதென்றால் அது ஏற்கனவே விண்மீன்களில் வெந்த வாயு. ஆகவே 'ஓடை என்றால் கைபடாதது' என்ற விதியை விட்டுவிட வேண்டும். கழிவும் புதுசும் கலந்துதான் திரும்புகிறது.

#16 நிறப்பட்டை

இன்னும் முந்தைய காலத்துக்கு ஜேம்ஸ் வெப் தரவு இருக்கிறது. 2024-இல் ஹைன்ட்ஸ் குழு செம்பெயர்ச்சி 9 முதல் 11 வரை மூன்று கேலக்ஸிகளில் லைமன்-ஆல்ஃபா பக்கம் அகலமாக உண்ணப்பட்டிருப்பதைக் காட்டியது. பெருவெடிப்புக்கு 40 முதல் 60 கோடி ஆண்டுக்குள். பொருத்திப் பார்த்தால் பார்வைக்கோட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 10²² நடுநிலை ஹைட்ரஜன் அணுக்களுக்கு மேல். கேலக்ஸியிடை வாயு அந்தக் காலத்தில் நடுநிலையாக இருந்தாலும் அது மட்டும் இவ்வளவு உண்ணாது. கேலக்ஸியைச் சுற்றியே திரண்ட வாயு என்பதுதான் பொருத்தம். அதே குழு ஓராண்டுக்கு முன், ஏழுக்கு மேல் செம்பெயர்ச்சி உள்ள கேலக்ஸிகளில் ஆக்ஸிஜன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றும் காட்டியது. புதிய வாயு வேகமாக வந்து நீர்த்துப்போகச் செய்தால் அப்படித்தான் ஆகும்.

எச்சரிக்கை: அந்த முப்பட்டக நிறமாலையின் பிரிதிறன் நூறு அளவுதான். அந்த வளைவை வேறொன்றும் உண்டாக்கும். மிகச் சூடான விண்மீன்கள் சுற்றியுள்ள வாயுவை அயனியாக்கினால் ஹைட்ரஜனின் இரு-ஃபோட்டான் தொடர் ஒளி லைமன்-ஆல்ஃபா அருகே அதே மாதிரி மடங்கும். கேமரன் குழு 2024-இல் செம்பெயர்ச்சி 5.9 கேலக்ஸி ஒன்றில் அப்படி விளக்கியது. இரண்டையும் பிரிக்க நடுத்தரப் பிரிதிறன் கிரேட்டிங் தரவும், பால்மர் தாவலும் (ஹைட்ரஜன் தொடர் ஒளி 365 நானோமீட்டர் அருகே திடீரென மாறுவது) சேர்ந்து வேண்டும்.

#17 இழையோட்டம்

இந்தக் காலத்துக் கேலக்ஸிகளுக்கு நாம் மேலே சண்டை போட்ட பிரச்சினையே இல்லை என்பதைக் கவனிக்கவும். செம்பெயர்ச்சி 10-இல் 10¹² ஹாலோ கிடைப்பது அரிதினும் அரிது. 10¹⁰, 10¹¹-தான். நிலையான அதிர்ச்சி அலை கிடையாது, சூடான வளிமண்டலம் கிடையாது, ஓடையை அரிக்க ஆளில்லை. சுமார் 10⁸ சூரிய நிறையிலிருந்தே விரியல் வெப்பநிலை 10⁴ கெல்வினைத் தாண்டுவதால் அணு ஹைட்ரஜனே குளிர்த்துவிடும். அதற்கும் கீழே, 10⁵ முதல் 10⁶ வரை, மூலக்கூறு ஹைட்ரஜன் மட்டுமே கதி. முதல் விண்மீன்கள் அங்கே.

எனவே 'ஓடை வட்டு வரை சேருமா' என்ற தலைப்புக் கேள்வி செம்பெயர்ச்சி 2 முதல் 3 வரை, 10¹²-க்கு மேலான ஹாலோக்களுக்கு மட்டும் உரியது. அதற்குக் கீழே சேரும்.

#18 செல்அளவு

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. சிறு ஹாலோக்களில் ஓடையை அரிக்கச் சூடான வாயு இல்லாவிட்டாலும், அந்த கேலக்ஸியின் சொந்த சூப்பர்நோவாக் காற்று இருக்கிறது. ஈர்ப்புக் குழி ஆழமில்லாததால் அது வரத்தை எளிதில் தள்ளிவிடும். ஆனால் காற்று தடை குறைந்த பக்கம் பார்த்துப் போகும். ஓடை அடர்த்தியான பக்கத்தில் வரும். இரண்டும் ஒரே ஹாலோவில் வெவ்வேறு திசையில் நடக்கலாம்.

#19 வலைநெசவு

அப்படியானால் என் முதல் பதிவில் கேட்டதை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: 10¹²-க்கு மேலான ஹாலோவில் ஓடையின் ஆரம் எவ்வளவு? இழையோட்டத்தின் கணக்குப்படி 100 பார்செக்குக்கும் 3 கிலோபார்செக்குக்கும் நடுவில்தான் விடை தொங்குகிறது. மியூஸின் 0.2 ஆர்க்நொடி பிக்சல் செம்பெயர்ச்சி 3-இல் ஏறக்குறைய 1.5 கிலோபார்செக், வளிமண்டலக் கலங்கலைச் சேர்த்தால் அதில் நான்கைந்து மடங்கு. நேரடியாக அளக்க முடியாது.

#20 ஆல்ஃபா1216

நேராக முடியாது. சுற்றி வளைத்து முடியும். ஈர்ப்பு வில்லையால் உருப்பெருக்கப்பட்ட நெபுலாக்கள் ஒரு வழி. மற்றது, ஒரே குவேசாரின் இரண்டு வில்லைப் பிம்பங்களில் உட்கவர் கோடுகளை ஒப்பிடுவது: பிம்பங்களின் ஒளிப்பாதைகள் ஹாலோவுக்குள் சில நூறு பார்செக் இடைவெளியில் போகும். கோடு இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் மேகம் அந்த இடைவெளியைவிடப் பெரிது. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் சிறிது. அப்படிப் பார்த்த உலோகக் கோடுகளில் குறைந்த அயனிகள் (ஓரிரு எலக்ட்ரான் மட்டும் இழந்தவை) சிறு துணுக்குகளாகவும், கார்பன் IV (மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பன்) போன்ற உயர் அயனிகள் பரந்த போர்வையாகவும் வருகின்றன. லைமன்-ஆல்ஃபா படத்தில் தடியாகத் தெரியும் ஓடை உள்ளே ஒரே கம்பி அல்ல, மூடுபனி மாதிரித் துளித்துளியானது என்ற பக்கம்தான் அது சாய்கிறது. நத்தை நெபுலாவின் பிரகாசத்தை விளக்க கன்டலுப்போ குழுவுக்கு ஆயிரம் அளவில் திரட்சிக் காரணி (வாயு எவ்வளவு கட்டிகட்டியாகத் திரண்டிருக்கிறது என்ற அளவு) தேவைப்பட்டதும் அதே கதை.

#21 இழையோட்டம்

துளித்துளி என்றால் என் உருளைக் கணக்கில் 3 கிலோபார்செக் ஆரத்தை அப்படியே வைக்க முடியாது. ஒவ்வொரு துளிக்கும் தனித்தனியாக இரண்டு நேரங்களை ஒப்பிட வேண்டும். அதே சமயம் ஒரு துளி உரசிக் கலந்த வாயு பக்கத்துத் துளியின் மேல் குளிர்ந்து படியும். கூட்டமாகப் போகும் துளிகளுக்குத் தனித்துளியைவிட ஆயுள் கூடும். அந்தக் கணக்கை அடர்த்தி, துளி இடைவெளி இரண்டையும் மாற்றிப் போட்டு இங்கேயே இடுகிறேன்.